பீச் கேக்கைக் கூலியாகக் கருதி எங்கள் வீட்டுச் சாய்தளத்துக்கு விதித்த தடையை நீக்கக் கோருதல்

அனுப்புநர்
கொரின் மேபெரி,
காட்டன்வுட் தெரு, ஆல்டர் ஃபோர்க்,
விட்லாக் மாவட்டம், கான்சஸ்.

பெறுநர்
ஒப்பந்ததாரர் உரிம அலுவலர் அவர்கள்,
விட்லாக் மாவட்ட அலுவலகம்.

பொருள்: உரிமமின்றிக் கூலிக்குக் கட்டியதாகச் சொல்லிச் சாய்தளத்தில் ஒட்டப்பட்ட தடை அறிவிப்பையும், திரு. ஓடெல் ப்ரூவிட் மீதான நடவடிக்கையையும் ரத்து செய்ய வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் வெண்டெல், தானியக் கிடங்கு விபத்தில் வலது காலை இழந்து மருத்துவமனையில் இருக்கிறார். சக்கர நாற்காலி ஏற வாசலில் சாய்தளம் இருந்தால்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். இல்லையென்றால் வெளியூர்ப் பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றிவிடுவார்கள்.

2. முதலில் உரிமம் பெற்றவர்களைத்தான் கேட்டேன். ஒருவர் தொலைபேசியை எடுக்கவில்லை. இன்னொருவர், "சமையலறையையே மாத்தறதா இருந்தா சொல்லுங்கம்மா, நாளைக்கே வர்றேன். இதுக்கெல்லாம் வண்டி எடுத்தா பெட்ரோலுக்கே கட்டாது" என்றார். அவர் மீது எனக்குப் புகார் இல்லை.

3. திரு. ப்ரூவிட் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். ஓய்வு நேரத்தில் ஊரில் கதவுக் கீல், ஒழுகும் குழாய் போன்றவற்றைச் சரிசெய்து தருபவர். அத்தகைய சிறு பழுதுகளுக்கு உரிமம் தேவையில்லை என்று தங்கள் விதியே சொல்கிறது. வீட்டோடு பிணைத்துக் கட்டும் சாய்தளத்தைக் கூலிக்குச் செய்தால் உரிமம் வேண்டும், உதவியாகச் செய்தால் வேண்டாம் என்பதும் அவருக்குத் தெரியும். பலகைகளை நான் வாங்கினேன், அவர் கட்டித் தந்தார். கூலி பற்றிக் கேட்டதற்கு, "இன்னொரு தடவை அந்தப் பேச்சை எடுத்தீங்க, சுத்தியலை வெச்சுட்டுப் போயிட்டே இருப்பேன்" என்றார்.

4. எங்கள் ஊரில் உதவியவரை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் இல்லை. உள்ளூர் வாரப் பத்திரிகையில் நன்றி அறிவிப்புப் போடாமல் இருப்பதும் மரியாதை ஆகாது. எனவே திரு. ப்ரூவிட்டுக்கு ஒரு பீச் பழக் கேக் சுட்டுக் கொடுத்தேன். பிறகு அவர் பெயர், சாய்தளம், கேக் மூன்றையும் குறிப்பிட்டு அறிவிப்பும் கொடுத்தேன். தங்கள் ஆய்வாளர் எங்கள் பத்திரிகையைத் தவறாமல் படிப்பவர் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

5. ஆய்வாளர் நேரில் வந்து சாய்தளத்தில் ஏறி இறங்கினார், குதித்தும் பார்த்தார். "ஒரு குறை சொல்ல முடியாது மேடம், கல்லு மாதிரி நிக்குது. ஆனா கேக் வாங்கியிருக்காரே" என்றார். அருகில் நின்ற திரு. ப்ரூவிட், "எனக்குச் சர்க்கரை சார். ஒரு துண்டுகூடத் தொடலை. முழுசையும் என் மச்சான்தான் முழுங்கினான். அப்போ இதைக் கட்டினது அவனா?" என்று கேட்டார். கூலி மைத்துனர் வழியாகப் பெறப்பட்டது என்று ஆய்வாளர் எழுதிக்கொண்டார்.

6. எழுதி முடித்த ஆய்வாளருக்குக் காபியும், வீட்டில் புதிதாகச் சுட்டிருந்த கேக்கும் வைத்தேன். இரண்டு துண்டு சாப்பிட்டு, நன்றாக இருப்பதாகச் சொன்னார். பிறகு சிவப்பு அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போனார். அவர் சாப்பிட்டதை நான் கூலியாகக் கருதவில்லை. அவரும் கருதியிருக்கமாட்டார் என்றே நம்புகிறேன்.

7. இதை நான் பலமுறை யோசித்துப் பார்த்தேன். பெற்ற உதவியை அப்படியே வைத்துக்கொள்ள எனக்குத் தெரியாது. உடனே எதையாவது திருப்பிக் கொடுத்தால்தான் நிம்மதி. அன்று கேக் சுடாமல் இருந்திருந்தால் என் கணவர் எந்தத் தடையும் இல்லாமல் வீட்டுக்குள் வந்திருக்கலாம் என்பதை ஏற்றுக்கொள்ளச் சிரமமாக இருக்கிறது. தடை அறிவிப்பு பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை. நேற்று தொலைபேசியில், "வாசப்படி ரெடிதானே கொரின்? இங்க என் சட்டையெல்லாம் மடிச்சு வெச்சுட்டேன்" என்றார். ரெடி என்று அவரிடமும் மருத்துவமனையிலும் சொல்லிவிட்டேன்.

8. ஆகவே கேக்கைக் கூலிக் கணக்கிலிருந்து நீக்கி, திரு. ப்ரூவிட்டை விடுவித்து, தடையை விலக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். வரும் வியாழக்கிழமை மருத்துவமனை வண்டி என் கணவரை அழைத்து வருகிறது. அதற்குள் தங்கள் உத்தரவு வராவிட்டாலும் அவரை நானே நாற்காலியில் வைத்து அந்தச் சாய்தளத்தின் வழியாக உள்ளே தள்ளிக்கொண்டு போவேன். அதற்கான அபராதம் வேறு யார் பெயரிலும் வரக்கூடாது என்பதால் என் முழுப் பெயரையும் தெளிவாகக் கீழே எழுதுகிறேன்.

இடம்: ஆல்டர் ஃபோர்க்
நாள்: செப்டம்பர் 9

இப்படிக்கு,
கொரின் அடலெய்ட் மேபெரி