கரிக் கங்கைப் பற்றி அம்மா சொல்ல மறந்தது

அடி அண்ணாமலை
4.1.1999

அன்பு மகன் சகாதேவனுக்கு அம்மா தனம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் தங்கையும் குறையில்லாமல் இருக்கிறோம், அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்கிறாய் என்று தெரிந்தால் போதும். தீபம் முடிந்தும் மழை விடவில்லை, வேங்கிக்கால் குவார்ட்டர்ஸில் இஸ்திரிக்குத் துணி கம்மியாகத்தான் வருகிறது. லூதியானாவில் குளிர் ஜாஸ்தி என்கிறார்கள். கம்பெனியில் உனக்கு ஒரு ஸ்வெட்டர் கொடுத்தார்களா? ராத்திரியில் தலைக்குத் துண்டு கட்டிக்கொள். பொங்கலுக்கு லீவு கேட்டுப் பார். கம்பெனியில் ஸ்வெட்டர் கொடுத்தார்களா என்று எழுது. அப்பாசாமி மாமா உன்னை விசாரித்தார். உனக்கு ஸ்வெட்டர் கொடுத்தார்களா?

அண்ணா, இனி நான் ஆதிலட்சுமி எழுதுகிறேன். அம்மா தூங்கிவிட்டாள். விழித்துக்கொண்டால் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்பேன். தீபத்துக்கு முன்னால் நீ போட்ட கடிதத்தில், ரூமில் நாலு பேரும் தகர டப்பாவில் கரிக் கங்கு போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு சுகமாகத் தூங்குகிறோம் என்று எழுதியிருந்தாய். தீபம் முடிந்த நாலாம் நாள் மழையில் என் யூனிபார்ம் காயவில்லை. இஸ்திரிப் பெட்டியில் மீந்த கங்கை இரும்புச் சட்டியில் கொட்டி உள்ளே கொண்டுவந்து வைத்தேன். சாரல் அடிக்காமல் ஜன்னலில் சாக்கு அடைத்ததும் நான்தான். புகையே இல்லை, ஒரு நாற்றமும் இல்லை.

நடு ராத்திரியில் தலை வெடிக்கிற மாதிரி வலித்தது. அம்மாவை உலுக்கினேன், எழவில்லை. வாந்தி வந்ததால்தான் கதவைத் திறந்தேன், கால் துவண்டு வாசலிலேயே விழுந்துவிட்டேன். கடைசிச் சவாரி முடிந்து பக்கத்து வீட்டுக்குத் திரும்பிய அப்பாசாமி மாமா எங்களை வெளியே இழுத்துப் போட்டு, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டாக்டரம்மா கோபித்துக்கொண்டார், ‘பொகை வரலைன்னா வெஷம் இல்லைன்னு நெனச்சியா?’ என்று. மூடின அறையில் கரி கனன்றால் ஒரு வாயு வருமாம். மூச்சுக்காற்று ஏற வேண்டிய இடத்தில் அது ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளுமாம், நாம் மூச்சு விட்டுக்கொண்டே இருந்தாலும் மூளைக்கும் இதயத்துக்கும் காற்றுப் போகாதாம். எனக்குச் சில மணி நேரமும், அம்மாவுக்கு மறுநாள் சாயங்காலம் வரையும் மாஸ்க் வைத்து ஆக்ஸிஜன் கொடுத்தார்கள், அதுதான் அந்த வாயுவை ரத்தத்தைவிட்டு விரட்டுமாம். அம்மா கண் திறந்ததும் மாமா, ‘அக்கா, இனிமே கசங்கின சட்டையே போட்டுக்கறேன், உன் கரியே வேணாம்’ என்றார், அம்மா சிரித்தாள்.

‘அவனுக்கு எழுதாதடி, தன் கடுதாசியாலதான் ஆச்சுன்னு சோறு தண்ணி இல்லாம கெடப்பான். கரி வைக்காதேன்னு பொதுவா நானே சொல்லிக்கறேன்’ என்று அம்மா சொல்லிவிட்டாள். இன்றைக்கு அதைச் சொல்வாள் என்று காத்திருந்தேன். கரி விஷயம் எழுதட்டுமா என்று கேட்டதற்கு, ‘எந்தக் கரிடி?’ என்று கேட்டாள். மேலே ஸ்வெட்டர் மூன்று தடவை இருப்பது என் பிழை இல்லை, அவள் சொன்னபடியே எழுதினேன். சில பேருக்கு ரெண்டு மூன்று வாரம் கழித்து மறதி வரும், வந்தால் உடனே கூட்டி வா என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். விடிந்ததும் மாமாவின் ஆட்டோவில் கூட்டிப்போகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, இங்கே சொல்லி அழ யாரும் இல்லை.

அண்ணா, அந்த டப்பாவை இன்றே வெளியே வை, மற்ற மூன்று பேருக்கும் சொல். தலை வலித்தால் படுக்காதே, வெளியே வந்துவிடு. ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன் என்று பதிலில் ஒரு வரி எழுது. கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டுவது நான்தானே, அந்த வரியை மட்டும் எனக்குள் படித்துக்கொள்வேன்.

அம்மாவின் ஆசீர்வாதம். அதையும் அவள் சொல்ல மறந்துவிட்டாள், நான் சேர்த்திருக்கிறேன்.

உன் தங்கை
ஆதிலட்சுமி