எடைக்காரனை மேனேஜராக்கியது

சாணார்பட்டியில் திறக்கப்போகும் கடைக்கு நேற்று முத்தையா ஒரு ஆளை மேனேஜராகப் பழக்க ஆரம்பித்தான். நம் திண்டுக்கல் மண்டியின் பின்கட்டில், புது வெங்காயம் கொட்டிக் கிடக்கும் இடத்தில் வைத்து. ஈரமண்ணும் தோலும் சேர்ந்த அந்தக் காரவாடை மூக்கில் ஏறிக்கொண்டிருந்தது. வந்தவனிடம் அவன் சொன்ன முதல் பேச்சே, "தராசத் தொட்டீன்னா வீட்டப் பாத்துப் போயிரணும்" என்பதுதான். அது நீ அவனுக்குச் சொன்னது. நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. சாக்கடுக்கின் பின்னாலிருந்து நீயே பேசுகிற மாதிரி இருந்தது எனக்கு.

வத்தலக்குண்டுக் கடையைத் திறந்தது நினைவிருக்கும். கிலோக்கல் வந்து பழைய மணங்குக் கணக்கை ஒதுக்கிய வருஷம். யாரை உட்கார வைப்பது என்று பேச்சு வந்தபோது நான் என் மச்சினனைச் சொன்னேன், நீ முத்தையாவைச் சொன்னாய். எடை போடுவதில் அவனுக்கு இணை கிடையாது. காட்டிலிருந்து வெங்காய வண்டி கொண்டு வருகிற சம்சாரிகள் அவன் தராசைத்தான் கேட்டு நிற்பார்கள். நல்ல எடைக்காரன் நல்ல மேனேஜராகவும் இருப்பான் என்று இரண்டு பேருமே நம்பினோம். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, அதன்மேல் சாவியை வைத்துக் கொடுத்தோம். தோளில் புதுத் துண்டு போட்டோம். நான் சூடம் கொளுத்தினேன், நீ அவன் நெற்றியில் சிலுவை போட்டாய். பஸ் ஏற்றிவிட்டுக் காபி குடிக்கப் போனோம். திண்டுக்கல் மண்டிக்காரர்களிடம் மேனேஜர் ஆவதற்கு அவ்வளவுதான் படிப்பு.

கொஞ்ச நாள் கழித்து ஒரு சந்தையன்று சொல்லாமல் போய் இறங்கினோம். மேசை காலியாகக் கிடந்தது. முத்தையா வேர்வை வழியத் தராசில் நின்றுகொண்டிருந்தான். எடை போடச் சம்பளம் வாங்குகிறவன் மூட்டைமேல் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். விலை கேட்க வந்த ஒரு சம்சாரி காத்துக் காத்துப் பார்த்தார்.

"செத்த இருங்க அப்பு, இந்தத் தட்ட இறக்கிட்டு வாரேன்" என்றான் முத்தையா.

அடுத்த தட்டும் இறங்கியது. அவர் மாட்டைத் திருப்பிப் பக்கத்து மண்டிக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அவருக்குப் பின்னால் நின்ற வண்டிகளும் திரும்பின.

திரும்பும் பஸ்ஸில் நான் முடிவாகச் சொன்னேன். "அவன் ஆகமாட்டான். தராசுக்கே வரட்டும். மச்சினன அனுப்புவோம்."

"ஏலே, இறக்கிவிட்டா இங்க வந்து தராசப் பிடிப்பான்னா நினைக்கிற?" என்றாய். "அவன் தங்கச்சிய மண்டி மேனேஜரு தங்கச்சின்னுதான் கேட்டு வந்திருக்காக. மொதல்ல அந்தச் சம்பந்தம் போகும். அப்புறம் அவனே ஊர விட்டுப் போயிருவான்."

"அதுக்கு நாம சத்திரமா நடத்துறோம்?"

"நாம அவனுக்கு என்னத்தச் சொல்லிக் குடுத்தோம்? சாவியக் குடுத்தோம், துண்டு போட்டோம். அம்புட்டுதான."

செம்பட்டி தாண்டியதும், தை மாதத்து வெங்காய வரத்து தொடங்குவதற்குள் அவன் தேறினால் சரி, இல்லாவிட்டால் மச்சினன்தான் என்றேன். அந்தக் கெடுவைக் கறாராகத்தான் சொன்னேன். போட்ட முதலில் பாதி என்னுடையது.

மண்டி வைப்பதற்கு முன் நீ பஸ் கண்டக்டராக இருந்தவன். நேற்றுவரை கூட வேலை பார்த்த ஒருவன் செக்கராகி வந்ததும், பழைய கூட்டாளிகளிடம் டிக்கெட் கணக்குக் கேட்க வாய் வராமல் முழித்ததைப் பார்த்திருக்கிறாய். முத்தையாவிடமும் அதே முழிதான் என்றாய். 'வேலை தெரியாத ஆள் இல்லை அவன். வேலையை இன்னொருத்தன் கையில் விடத் தெரியவில்லை, பிழையென்றால் கேட்க வாய் வரவில்லை. இந்த இரண்டை மட்டும் பழக்கினால் போதும்' என்பது உன் கணக்கு.

முத்தையாவைத் திண்டுக்கல்லுக்கு வரவழைத்தோம். பெரிய கடையைப் பார்த்துக்கொள்ளக் கூப்பிட்டிருக்கிறோம் என்று ஊரில் சொல்லிவைத்தாய். அவன் மானம் போகாமல் இருக்க உனக்குத் தோன்றிய வழி அது. அதுவரை வத்தலக்குண்டை என் மச்சினன் பார்த்துக்கொண்டான். இங்கே முத்தையா மேசையில் உட்கார வேண்டும். காலையில் யாருக்கு எந்த வேலை என்று சொல்ல வேண்டும், சாயங்காலம் நடந்ததா என்று கேட்க வேண்டும். தராசை மட்டும் தொடக்கூடாது. பாவம், சும்மா இருக்க முடியாமல் அவன் விரல்கள் சாக்கிலிருந்து சணல் உருவிக்கொண்டே இருக்கும்.

ஒருநாள் காலை நீ கிழிந்த பனியனோடு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தாய். வேண்டுமென்றே தாமதமாக. "இன்னைலருந்து நான் எடைக்காரன். என்னைய வேல வாங்கு" என்று தராசைப் பிடித்தாய். கல்லை மாற்றி வைத்தாய். வண்டிக்காரர்களிடம் கதை பேசினாய். வெங்காயத்துக்கு வால் அறுத்துக்கொண்டிருந்த அந்தோணியம்மா நிமிர்ந்து பார்த்து, "மொதலாளிக்குத் தராசு பிடிக்கத் தெரியலன்னாலும் வேட்டியத் தூக்கிக் கட்டத் தெரியுது" என்றாள்.

முத்தையா எழுந்து ஓடி வந்தான்.

"உக்காருங்க மேனேஜரே. தராசு ஏங்கிட்ட இருக்கு" என்றாய்.

அவன் என்னைப் பார்த்தான். நான் தெருவைப் பார்த்தேன். "மொதலாளி வெளையாடுறாக" என்று வந்தவர்களிடம் சிரித்துச் சமாளித்தான். வண்டிகள் சேர்ந்துகொண்டே போயின. கடைசியில் பொறுக்காமல் அவன் கத்தினான். உன்னிடம் கத்தவில்லை, வால் அறுக்கிற பெண்களிடம்.

"ஏன்யா, தப்பு அங்க, சத்தம் இங்கயா?" என்றாள் அந்தோணியம்மா. அவன் முகம் செத்துப்போயிற்று.

சாயங்காலம் அவன் சாவியை மேசையில் வைத்துவிட்டான். "எனக்கு இது வராது மொதலாளி. தங்கச்சி கலியாணம் முடியுறவரைக்கும் மட்டும் வெளிய சொல்லாதீங்க" என்றான். நான் சாவியை எடுக்கக் கை நீட்டினேன். நீ அதை அவன் பக்கம் தள்ளினாய்.

"ஒன்னைய ஆரு திட்டச் சொன்னா? என்ன வேணுங்கிறத எங்கிட்ட வந்து கேளு. அதுவும் நாலு பேரு பாக்காத எடத்துல கேளு. நாளைக்கும் நான் பிந்தித்தான் வருவேன்."

மறுநாளும் பிந்தித்தான் வந்தாய். முத்தையா எழுந்து வந்து உன்னைச் சாக்கடுக்குக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனான். நான் இந்தப் பக்கம் நின்றேன்.

"ரெண்டு நாளாப் பிந்தி வாரீக. காரணம் இருந்தாச் சொல்லுங்க, கேக்குறேன்."

"காரணம் ஒண்ணுமில்ல."

அவன் குரல், உயராமல்: "அப்ப இன்னைக்குத் தராசு வேற ஆளுக்கு. நீங்க மூட்டை அடுக்குங்க. நாளைக்கு நேரத்துக்கு வந்தாத் தராசு உங்களுக்குத்தான்."

பொழுது சாயும்வரை மூட்டை அடுக்கினாய். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து, "என்னையவே சீட்டக் கிழிச்சிருப்பான்டா" என்று பல் தெரியச் சிரித்தாய். நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு மண்டிக்கு வியாபாரம் குறைவு. அதை இப்போதும் நட்டத்தில்தான் சேர்ப்பேன், ஆனால் வீண் என்று சொல்லமாட்டேன்.

அப்புறம் எத்தனையோ பேரைப் பொறுப்பில் வைத்துவிட்டேன். எந்த வேலையில் கெட்டிக்காரன் என்று முதலில் கேட்கிறேன். முதல் காரியமாக அந்த வேலையை அவன் கையிலிருந்து எடுத்துவிடுகிறேன். இடித்துச் சொல்ல வேண்டியதைத் தனியாகச் சொல்லவும் பழகிக்கொண்டேன். முன்கோபக்காரனான எனக்கு அது லேசில் வரவில்லை. இந்த இரண்டும் உன்னிடமிருந்து எனக்கு வந்த பங்கு.

வத்தலக்குண்டுக்குத் திரும்பும் அன்று முத்தையா பையைக் கீழே வைத்துவிட்டு, "போறதுக்கு முன்ன பேச வேண்டியது கொஞ்சம் இருக்கு" என்றான். உட்கார்ந்துகொண்டே சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. நீ என் தொடையில் தட்டி உட்கார வைத்தாய். நட்டத்தை நாம் ஏற்க இரண்டு பருவம் கேட்டான், நான் ஒன்றாகக் குறைத்தேன். மற்றதில் அவன் இறங்கவில்லை. பேசி முடித்தது இதுதான்: தை வரத்து முடியும்வரை பழைய சம்பளம், அதற்குமேல் கமிஷனில் ரூபாய்க்கு ஒரு அணா, முதல் பருவத்து நட்டம் நம்முடையது, வத்தலக்குண்டுக் கடைக்குள் வந்தால் முதலாளிகள் இரண்டு பேரும் ஆட்களிடம் நேராக வேலை சொல்லக்கூடாது, எதுவானாலும் அவனிடம்தான் சொல்ல வேண்டும்.