உடைத்தவர் வாயால் சொல்லட்டும்

என்னங்க,
"சத்தம் வருது, படம் வரலைன்னா உள்ளே திரைக்கு வெளிச்சம் தர்ற விளக்குதான் போயிருக்கும். நீங்க திறக்காதீங்க" என்று மெக்கானிக் போனிலேயே படித்துப் படித்துச் சொன்னார். கேட்டீர்களா? டிவியைக் கழற்றி, முழங்காலை ஊன்றித் திரையில் விரிசல் விழ வைத்துவிட்டு, பழியைத் தூக்கி மகள் தலையில் போட்டீர்கள். பிள்ளை சாப்பிடாமலே பள்ளிக்கூடம் போயிருக்கிறாள்.

மெக்கானிக் சாயங்காலம் வருவார். உடைத்தது நீங்கள்தான் என்று மகள் காதுபட அவரிடம் சொல்லுங்கள்.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். டிவியின் தகடு கீறிய விரலுக்கு மருந்து பக்கத்தில் இருக்கிறது. நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? கதவோரம் நின்று எல்லாவற்றையும் அவள் பார்த்திருக்கிறாள். "ஏன்டி வாயைத் திறக்கல?" என்று கேட்டேன்.

"அப்பா ரொம்பப் பயந்துட்டாரும்மா" என்கிறாள்.