ஆள் எண்ணிக்கை சரி

டிச. 9, திங்கள்

காலையில் பனி. கம்பெனி பஸ் லைட் போட்டுக்கொண்டு ஊர்ந்தது. பிள்ளைப்பாக்கத்தில் ஏறினதும் கண்ணாடியில் தலை சாய்த்தாச்சு. ஒரகடம் வரை பாதித் தூக்கம்.

வாங்க: ஷாம்பு பாக்கெட், ஊக்கு, மாரிக்குப் பேரீச்சை (ரத்தம் கம்மியாம்).

சனிக்கிழமை பெரிய ஆஸ்பத்திரி. எச்.ஐ.வி. என்று தெரிந்து ஏழு மாசம். கம்பெனி முகாமில் ரத்தம் கொடுக்கப் போய் வெளியே வந்தது. மாத்திரை அன்றைக்கே ஆரம்பிக்கலாம் என்றார்கள். அடுத்த மாசம் என்றேன். அதற்கடுத்த மாசமும் அதேதான். பத்துக்குப் பத்து ரூம், கூட வேலை பார்க்கிற மாரியும் நானும். தினம் எட்டு மணிக்கு ஒரு மாத்திரையை எங்கே ஒளித்துப் போடுவது? தெரிந்தால் ரூம் போச்சு. மாரியும் போச்சு. நோயைவிட அதுதான் பயம்.

இதை எனக்குக் கொடுத்தவன் நம்பரை அழித்தாச்சு. மனசிலிருந்துதான் போகமாட்டேன் என்கிறது.

டிச. 10, செவ்வாய்

குளிர். போனில் ஒரு வீடியோ. நம் உடம்பிலேயே 'இயற்கைக் கொல்லி' என்று ஒரு வகை செல் இருக்காம். யாரும் சொல்லித்தர வேண்டாம், பார்த்ததும் அடிக்குமாம். ஒவ்வொரு செல்லும் ஐடி கார்டு மாட்டியிருக்கணும். இல்லாவிட்டால் காலி. இந்த வைரஸ் திருட்டு ஆசாமி: பாதி கார்டை மறைத்துவிட்டு, பாதியை மாட்டிக்கொண்டு நிற்குமாம்.

பஸ்ஸில் கனவு. எனக்குள் ஒரு கேட். வெள்ளைத் தொப்பி போட்ட பெண்கள் வரிசையாக. யாரும் பேசவில்லை. ஒவ்வொரு கார்டாகத் திருப்பிப் பார்க்கிறார்கள். அவ்வளவு நிம்மதி. ஏழு மாசமாக ஒரு காய்ச்சல்கூட இல்லையே, இவர்கள் வேலைதான் அது. மாத்திரை இப்போதைக்கு வேண்டாம்.

மாரி பக்கத்து சீட்டிலிருந்து, "ஏட்டி, தனியா சிரிக்கே. எவன்ட்டி?"

"எவனுமில்ல. கொல்லி."

"காலைலயே கொள்ளியா? வாயக் கழுவுட்டி."

டிச. 12, வியாழன்

மழை. என்னை விடுவிக்க வேண்டிய அடுத்த ஷிப்ட் ரிலீவர் வரவில்லை. மூணாவது நாளாக ஓ.டி.

என் வேலை கடைசி செக்கிங். கார் வயர்க் கட்டில் எல்லா கிளிப்பும் இருக்கா என்று பார்த்து, பச்சை மார்க்கரில் ஒரு பொட்டு. சாயங்காலம் வயரெல்லாம் தண்ணீருக்கடியில் அசைகிற மாதிரி இருந்தது. அழகாகத்தான் இருந்தது. லைன் லீடர் ஏகாம்பரம் அண்ணன் முடித்த பெட்டியைத் திறந்தார். உள்ளூர்க்காரர், சத்தம் ஜாஸ்தி.

"இன்னாமா, இன்னா பாத்துகினு கீற? கிளிப்பே இல்ல, பொட்டு வெச்சு அனுப்பிக்கீற!"

ஒன்றில்லை, பெட்டி முழுக்க. நல்லவேளை, வெளியே போகவில்லை. மேலே சொல்லாமல் விட்டார். "போய் மூஞ்சி கழுவினு வா."

ஷிப்ட் முழுக்க நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. பொட்டு எண்ணிக்கை சரி. ஆனால் ஒரு கிளிப்பையும் பார்க்கவில்லை. வெட்கம்.

டிச. 14, சனி

வெயில். லீவு போட்டு ஆஸ்பத்திரி. டாக்டருக்கு என் வயசுதான் இருக்கும். கேட்டேவிட்டேன். "கொல்லி செல் இருக்கே மேடம், அது பாத்துக்காதா?"

சிரிக்கவில்லை. "ஆரம்பத்துல நல்லா அடிக்கும்மா. ஆனா மருந்தே போடாம வுட்டா வைரஸ் ஓயாது. அடிச்சு அடிச்சு அதுங்க சோர்ந்துடும். எண்ணிப் பாத்தா ஆள் இருக்கும். வேலை நடக்காது."

"ஓ.டி. மாதிரி."

"என்னது?"

"ஒண்ணுமில்ல மேடம்."

பாவம், ஏழு மாசமாக ரிலீவர் அனுப்பாமல் நிற்கவைத்திருக்கிறேன். மாத்திரை போட்டால் வைரஸ் அடங்கும், அதுங்களுக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும் என்றார். எல்லாம் பழையபடி ஆகும் என்று மட்டும் சொல்லவில்லை. அது பிடித்திருந்தது. "குடுங்க" என்றேன்.

பையில் டப்பா. பஸ் குலுங்கும்போதெல்லாம் கலகல. எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே இருந்தது.

ராத்திரி மாரி ரூமை விட்டு நகரவில்லை. போடவில்லை.

டிச. 15, ஞாயிறு

மேகமூட்டம். துணி காயவில்லை.

எட்டு மணி. மாரி தலை வாரிக்கொண்டிருந்தாள். டப்பாவை அவள் முன்னாலேயே எடுத்தேன். மூடி திறக்க வரவில்லை, அழுத்தித் திருகினேன்.

"என்ன மாத்திரட்டி அது?"

சத்து மாத்திரை என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. "எச்.ஐ.வி.க்கு. எனக்கு இருக்கு."

சீப்பு முடியிலேயே நின்றுவிட்டது. 

"செத்துருவியா?"

"இதப் போட்டா மாட்டேன்."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"ஏழு மாசமா."

"இம்புட்டு நாளா ஏன் போடல?"

"நீ பாத்துருவேன்னு."

சீப்பை முடியிலிருந்து உருவி வைத்தாள். அப்புறம் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன். விழுங்கியாச்சு. பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தேன். மிச்சத் தண்ணீரை அவள் வாய் வைத்துக் குடித்தாள்.