குழியில் விழவில்லை

12.8.1998, புதன்.

என் மகன் தறிக்கட்டையால் என் மருமகள் செல்வியின் மண்டையை உடைத்துவிட்டான். ஆஸ்பத்திரியில் அவள் நர்சிடம், "தறிக்குழியில வுழுந்துட்டேன், அப்படியே எழுதுக்கா" என்று கெஞ்சினாள்.

"குழியில வுழுந்தா கழுத்துல விரல் பதியுமா? உண்மைய எழுதினா போலீசு வரும். எழுதலன்னா அடுத்த வாட்டி பொணமா வருவே."

சொல்லிவிட்டாளே தவிர, நர்சின் பேனா நகரவில்லை.

இவன் அப்பன் என் கையை ஒடித்த அன்று நானும் குழி என்றுதான் சொன்னேன். அன்றைய நர்சு அப்படியே எழுதினாள். அவளை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

"என் புள்ளதான் அடிச்சான், எழுதும்மா" என்றேன். எழுதினாள்.

சாயங்காலம் போலீசு அவனை இழுத்துப் போனது. நான் நீட்டிய கஞ்சியைச் செல்வி தட்டிவிட்டாள். சூடு பட்ட கை எரிகிறது, இதற்கு மேல் எழுத முடியவில்லை.