தங்கச்சி வீட்டு விறாந்தையில்

வெள்ளி, இஷா தொழுகைக்குப் பிறகு

இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. இந்தப் பிள்ளையைச் சுமந்தால் தங்கச்சியின் இருதயம் தாங்காது, கலைப்பதுதான் பாதுகாப்பு என்று டொக்டர் சொல்லிவிட்டார். அஸர் தொழுகைக்குப் பிறகு அவள் வீட்டு விறாந்தையில் ஆண்கள் கூடினோம்.

"உம்மாட உசிர்தான் முதல். மார்க்கத்துல இடமிரிக்கு," என்றார் மௌலவி.

"அல்லாஹ் நம்பித் தந்த அமானிதம். அவன் பாத்துக்கொள்ளுவான்," என்றார் அவள் மாமனார்.

அவள் மாப்பிள்ளை இரண்டுக்கும் தலையாட்டினார். பொழுது சாய்ந்து மஃரிப் வரை இதே கதைதான். குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தவள் வெளியே வந்தாள்.

"இது வாப்பா எனக்குச் சீதனமாத் தந்த ஊடு. எல்லாரும் எழும்பிப் போங்க."

எழும்பினார்கள். மாப்பிள்ளையும் செருப்பைத் தேடினார்.

அப்போதாவது அவளுக்கு என்ன விருப்பம் என்று நான் கேட்டிருக்கலாம். "பெரிய மனிசர இப்பிடியா வெரட்டுற?" என்று ஏசிவிட்டு நானும் வந்துவிட்டேன்.