கலங்கிய படம்

மார்ச் 4

என் சுண்டெலிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எதற்கு எழுதிக்கொண்டு, போனில் பேசலாமே என்பாய். இந்த வீட்டில் இருப்பது ஒரே அறை. கட்டிலில் கிடந்தபடி மாமா எல்லாவற்றையும் கேட்கிறார். உன் பேரும் ஆஸ்பத்திரி என்ற சொல்லும் சேர்ந்து காதில் விழுந்தால் போதும், கோணிய வாயோடு அழ ஆரம்பித்துவிடுகிறார். பக்கவாதம் வந்த புருஷனைத் தேற்றுவதா, உன்னிடம் பேசுவதா? என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. ஐந்தாவதோடு நின்றவள் கை இப்படித்தான் போகும்.

உன் கல்லீரல் சுருங்கிப்போயிருக்கிறது என்று கேள்விப்பட்டு எதிர் வீட்டுக்காரி, "தம்பி நல்லா ஊத்திக்குவாரோ?" என்றாள். "ஆமா, ஊத்திக்குவான். டீ. சர்க்கரை தூக்கலா" என்றேன். சின்ன வயதில் வந்த காமாலை போகாமல் உள்ளேயே கிடந்து செய்த வேலை என்று அவளிடம் யார் விளக்கிக்கொண்டிருப்பது?

அதில் ஏதோ புள்ளி தெரிகிறது, எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியும் என்று எழுதியிருந்தாய். உள்ளே மூச்சை அடக்க வேண்டுமாம், அசைந்தால் படம் கலங்கிவிடுமாம். அங்கேதான் எனக்கு பயம். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் முங்கிப் பந்தயம் போடுவோமே, ஒரு தடவையாவது என்னை ஜெயித்திருக்கிறாயா? நான் பத்து எண்ணுவதற்குள் புஸ்ஸென்று தலையைத் தூக்கிவிடுவாய். இருந்தது ஒரே துண்டு, ஜெயித்தவருக்குத்தான் முதலில். நான் துவட்டி முடிக்கும்வரை பல் கிட்டித்துக்கொண்டு நிற்பாய். இப்போதே பழகிக்கொள்.

உன் அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்கா,

எடுத்தாகிவிட்டது. சுண்டெலியைப் பொந்துக்குள் தள்ளிவிட்டார்கள். இதே ஆஸ்பத்திரி லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம், "பயப்படாதீங்க, இதோ திறந்துடறேன்" என்று இத்தனை வருஷமாக வெளியே நின்று சொன்னவன் நான். உள்ளே இருப்பவனுக்கு அது எப்படிக் கேட்கும் என்று இப்போதுதான் தெரிந்தது. கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள். தகரத்தைச் சம்மட்டியால் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். நடுநடுவே ஒரு பெண் குரல், "மூச்சை இழுங்க, விடுங்க, அப்படியே அடக்குங்க" என்றது.

நீ பயந்ததுதான் நடந்தது. பாதியிலேயே மூச்சை விட்டுவிட்டேன். படம் கலங்கிவிட்டதாம், ஒன்றும் சொல்ல முடியாதாம். மறுபடி எடுக்க வேண்டும். கூட்டம் அதிகம் என்பதால் முறை வரும்போது கூப்பிடுவார்கள்.

அதுவரை எப்படி அடக்குவது என்று விவரமாக எழுது. நீதானே ஜெயிக்கிறவள்.

உன் சுண்டெலி


ஏப்ரல் 2

அசட்டுப் பயலே,

ஒரு மூச்சைப் பிடித்துவைக்கத் துப்பில்லை, நீ போய் லிஃப்டைப் பிடித்து நிறுத்துகிறாயாக்கும்!

கவனமாகப் படி. மல்லாந்து படு. முழுசாக இழுக்காதே, முட்டிக்கொண்டு வெளியே வரும். பாதி விட்டுவிட்டு அடக்கு. சும்மா ஒன்று இரண்டு என்று எண்ணாதே, பதற்றம்தான் வரும். லிஃப்டில் போகிறாய் என்று நினைத்துக்கொள். ஒன்றாம் மாடி, இரண்டாம் மாடி. இருபதாம் மாடி வந்தால்தான் கதவு திறக்கும்.

நானும் தையல் மெஷினில் உட்கார்ந்து பழகுகிறேன். ஒரு சட்டைக்கையின் ஓரம் முழுக்கத் தைத்து முடிக்கும்வரை மூச்சு விடுவதில்லை. மாமா பயந்துபோய் நல்ல கையால் கட்டிலைத் தட்டினார். விளையாட்டு என்று சொல்லிவைத்தேன். இப்போது அவரே விரலை மடக்கி எண்ணுகிறார். "ஏழு" என்ற வார்த்தை வாயிலிருந்து சுத்தமாக வருகிறது தெரியுமா!

நான் புறப்பட்டு வரட்டுமா? நீ எத்தனை மாடி ஏறினாய் என்று எழுது.

உன் அக்கா


மே 10

அன்புள்ள அக்கா,

பதினேழாம் மாடிவரை வந்துவிட்டேன். மாமாவிடமும் சொல்.

வயிறு கொஞ்சம் உப்பியிருப்பதால் சாய்ந்துகொண்டு எழுதுகிறேன். அதுதான் இந்தக் கோணல். என் எழுத்தைப் பார்த்து இப்போது நீ சிரிக்கலாம். இன்னும் என் முறை வரவில்லை. நீ வராதே. மாமாவை யார் புரட்டிப் படுக்கவைப்பது? எழுதுவதை மட்டும் நிறுத்திவிடாதே. உன் கடிதம் வருகிற அன்று நன்றாக அடக்க முடிகிறது.

உன் சுண்டெலி


ஜூன் 21

டேய் சுண்டெலி,

இதை எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று தெரியவில்லை. பழகிய கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

உன்னோடு வேலை செய்கிறவர் போன் பண்ணினார். மாமாவை எதிர் வீட்டுக்காரிதான் பார்த்துக்கொண்டாள். அடித்துப்பிடித்து வந்தேன். அதற்குள் உன்னைத் துணி போட்டு மூடியிருந்தார்கள்.

எல்லாம் முடிந்தபிறகு உன் அறையை ஒழித்தேன். கட்டிலுக்கடியில் ஸ்கேன் படம் போட்ட பெரிய உறை இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே சண்டைக்குப் போனேன். "ரெண்டாவது தடவை எடுக்க என் தம்பியை ஏன் கூப்பிடலை?" என்று கத்தினேன். படம் எடுக்கிற பெண் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ரெண்டாவது எதுக்கும்மா? அட, நம்ம லிஃப்ட் அண்ணன்! மூச்சை அடக்கச் சொன்னா ஆணியடிச்ச மாதிரி கிடந்தாரே. நாங்க விடுங்கன்னு சொல்ல மறந்தாக்கூட விடமாட்டாரு போலன்னு பேசிக்கிட்டோம். படம் கண்ணாடி மாதிரி இருக்கும்மா."

டாக்டர் பேனா முனையால் தொட்டுக் காட்டினார். "மருந்து ஏறினதும் இந்தக் கட்டி மட்டும் பளிச்சுனு தெரியுது. அடுத்த படத்துல சுத்தியிருக்கிறதைவிடக் கறுத்துப்போச்சு. சுருங்கின கல்லீரல்ல இப்படித் தெரிஞ்சா அது புற்றுதாம்மா. சதை எடுத்துப் பாக்கவே வேண்டாம். பெரிய ரத்தக்குழாய்க்குள்ளயும் போயிருந்துச்சு. கல்லீரல் இருந்த நிலைமைக்கு வைத்தியம் தாங்காது."

"அவன்கிட்ட சொன்னீங்களா?"

"மறுநாளே சொல்லிட்டேன். அக்காகிட்ட நானே சொல்லிக்கிறேன்னாரு."

நல்லா சொன்னாய் போ. சொல்லியிருந்தால் மட்டும் நான் என்னத்தைக் கிழித்திருப்பேன்? மாமாவுக்குத் தெரியாமல் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதிருப்பேன். அதற்குப் பதிலாக எனக்கு எண்ணுகிற வேலையைக் கொடுத்தாய். நானும் மாடி மாடியாக உன்னை ஏற்றிக்கொண்டிருந்தேன். நீ எல்லாம் தெரிந்து அங்கே தனியாகக் கிடந்தாய்.

மெஷினில் உட்கார்ந்தால் மாமா இன்னும் விரலை மடக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறார். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. அவருக்காக அடக்குகிறேன். ஏழு வரைகூட முடியவில்லை.

மற்றதெல்லாம் இருக்கட்டும், இந்த ஒன்றை மட்டும் சொல். அந்தத் தொட்டியில், நான் துவட்டி முடிக்கும்வரை ஈரத்தோடு நடுங்கிக்கொண்டு நிற்பாயே, அப்போதும் வேண்டுமென்றேதான் முதலில் தலையைத் தூக்கினாயாடா?